கடன் கொப்பியை விட்டுக் கணினிக்கு மாறலாமா?

ஹட்டன் கடைக்காரர்:
எங்கள் பலசரக்குக் கடையில், தந்தையின் காலத்திலிருந்தே தோட்டத்துக் குடும்பங்களின் கணக்கைக் கொப்பியில் எழுதி, 10ஆம் திகதி சம்பளத்தோடு தீர்த்துக்கொள்கிறோம். பார்கோட் கருவியும், கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்து பணம் செலுத்தும் லங்கா கியூஆர் குறியீடும் இருந்தால் யாருக்கு எது தேவை என்பது தானாகத் தெரியும் என்கிறான் மகன். அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

பண்டாரவளை வாசகர்:
நான் மாறிவிட்டேன். எல்லோரும் கோதுமை மாவை மூட்டையாகவே வாங்குகிறார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, மாதக் கடைசியில் பலர் அரைக் கிலோவாக வாங்குவதைக் கணினிதான் காட்டியது. அதன்பின் சிறு பொதிகளாகக் கட்டி வைக்கிறேன். ஆனால் ஒரு குறை உண்டு. கொழும்பில் வேலை செய்யும் மகன் கைத்தொலைபேசியில் பணம் செலுத்தும்போது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருந்துகொண்டு சாமான் வாங்கும் தாய் கணினியில் பதிவாவதே இல்லை. அவருக்கு நீரிழிவு என்பதும், சீனி வேண்டாம் என்பதும் என் நினைவில்தான் இருக்கின்றன.

தலவாக்கலை ஆசிரியை:
பணம் பெறுவதற்கு லங்கா கியூஆர் குறியீடு ஒன்றே போதும், இத்திட்டத்தில் இணைந்த எந்த வங்கியின் செயலியிலிருந்தும் பணம் வரும். ஆயினும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேகரிப்பதாயின், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதை மறவாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிட்டே கேளுங்கள்.

ஹட்டன் கடைக்காரர்:
நன்றி. சீனி விடயத்தை மகனிடம் வாசித்துக் காட்டினேன். கருவியை வாங்குவோம், கொப்பியும் மேசையிலேயே இருக்கும்.