அருள் வரும் நொடியைப் படமாக்க உதவி வேண்டும்

வணக்கம். மொரீசியசில் காத்ர் போர்ன் பக்கம் இருக்கிறேன். அருள், தரிசனம், பித்து இவற்றை வைத்துப் பத்து நிமிடச் சோதனைக் குறும்படம் எடுக்கிறேன். கதையும் கிடையாது, வசனமும் கிடையாது.

கோர் தெ கார்த் மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அலகு குத்திய முகத்தில் வலியே தெரியாத அந்த நொடிதான் வேண்டும். அதே கண்ணோடு ஒருவர் கடைத்தெருவில் நின்றால் பைத்தியம் என்போம். கோயிலில் நின்றால் திருநீறு கேட்போம். காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்தார் என்கிறது புராணம். தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்டவர். அவரை நினைத்துத்தான் படமே. ('சாமி விஷயத்தில் விளையாடாதே' என்று அம்மா தினமும் திட்டுகிறார், அது வேறு.)

அருள் வந்த அனுபவம் உள்ளவர்கள் பேசுவீர்களா? குரல் போதும், முகம் வேண்டாம். கிரியோலில் சொன்னாலும் சரி. உடுக்கை அடிப்பவர் யாராவது தெரியுமா?

அப்புறம் எடிட்டிங். வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னுவதாக யோசித்திருந்தேன். நொடிக்கு 3 தடவைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பு வரலாம் என்பதால் கைவிட்டேன். மின்னல் இல்லாமல் அந்தத் தலைசுற்றலைக் கொண்டுவர என்ன வழி?