லைக் எண்ணப் போயி பாவு அறுந்த கதை

பல்லடம் தறிக்காரன்:
ஏனுங்க, இந்த ரீல்ஸ் கிறுக்கு உங்களுக்கெல்லாம் எப்படி விட்டுச்சு? போன தை நோம்பிக்கு எங்க காங்கேயம் மயிலைக் காளை கொம்ப ஒரசற வீடியோ போட்டனுங்க. 2 லட்சம் பேரு பாத்துட்டாங்க. அதுக்கப்புறம் என்ன போட்டாலும் 300 தாண்ட மாட்டேங்குது. நேத்து ராத்திரி ஷிப்ட்ல லைக் ஏறுதான்னு பாத்துட்டே நின்னேன். பாவுல, அதான் தறியில நீளவாக்குல ஓடற நூலுல, பத்து இழை அறுந்தது தெரியல. காடாத்துணியில முக்கா மீட்டருக்குக் கோடு. முதலாளி திட்டல. துணிய என் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. அதான் ஒறைக்குது.

கோபி அக்கா:
தம்பின்னே வெச்சுக்கறேன். 2020 ஜூன்ல டிக்டாக்கத் தடை பண்ணப்ப எனக்கு இருந்த 40 ஆயிரம் பேரும் ஒரே ராத்திரியில போயிட்டாங்க. மூணு நாள் சோறு எறங்கல. எருமை மட்டும் எப்பவும் போல அஞ்சு மணிக்குக் கத்துச்சு. கறக்கப் போனேன், வேறென்ன பண்றது!

ஈரோட்டுப் பையன்:
அண்ணா, இன்ஸ்டாகிராம்ல லைக் எண்ணிக்கைய மறைக்கற வசதி 2021லயே வந்துருச்சுங். ஆனா மத்தவங்களுக்குத்தான் தெரியாது, நீங்க தொட்டுப் பாத்தா தெரியும். (இத எவன் யோசிச்சானோ.) நோட்டிபிகேஷனையும் அணைச்சுருங்.

பல்லடம் தறிக்காரன்:
மறைச்சுட்டனுங் தம்பி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தொட்டுப் பாத்துட்டு இருக்கேன்.

கோபி அக்கா:
ஷிப்ட்டுக்குப் போறப்ப செல்போன ஊட்டுல அம்மிணிகிட்ட குடுத்துட்டுப் போங். அப்புறம், அந்தக் காளை வீடியோ லிங்க்கப் போடுங், பாக்கலாம்.