லக்சர் கல்லறை மர்மக் கதை: கைடு கேரக்டர் செட் ஆகல, ஐடியா குடுங்க

மணல்மேடு:
எல்லாருக்கும் வணக்கம். எகிப்துல லக்சர் பக்கம் இருக்குற அரசர்களின் பள்ளத்தாக்குல நடக்குற மாதிரி ஒரு மர்மக்கதை எழுதிட்டு இருக்கேன், கல்லறைக்குள்ள ஒரு ஆய்வாளர் செத்துக் கிடக்குறாரு, முதல் சந்தேகம் டூரிஸ்ட் கைடு மேலதான். ஆனா அவன் வாயத் திறந்தாலே பாடப்புத்தகம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கு, இல்லன்னா சாபம் சாபம்னு பயமுறுத்துறான். இப்ப இருக்குற சீன்ல துட்டன்காமன் கல்லறைக்குள்ள நின்னு சுவர் ஓவியத்தக் காட்டி பத்து நிமிஷம் விளக்கம் குடுக்குறான். இவன எப்படி நிஜ மனுஷனா ஆக்குறது?

நைல்கரை:
அந்த சீன மொதல்ல மாத்துங்க. அங்க கல்லறைக்குள்ள கைடு விளக்கம் சொல்லக்கூடாது, அதான் ரூல். நான் போனப்ப எங்க கைடு வெளிய நிழல்ல உக்கார வச்சு, லேமினேட் பண்ணுன படங்கள ஒண்ணொண்ணா காட்டி எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு எங்கள மட்டும் உள்ள அனுப்பினாரு. ஓரமெல்லாம் தேஞ்சு போன அட்டை, எந்தப் படம் எந்தப் பக்கம்னு பாக்காமலே எடுப்பாரு. உள்ள இருந்தது கலாபியாங்குற நீள அங்கி போட்ட காவலாளி, விசிறிக்க ஒரு அட்டையக் கையில குடுத்துட்டு பக்‌ஷீஷ் (டிப்ஸ்) எதிர்பார்ப்பாரு. உங்க க்ளூ இங்கதான் இருக்கு. அன்னைக்கு உள்ளயே போகாத கைடு, உள்ள புதுசா மாறியிருக்குற ஒரு விஷயத்தப் பத்தி வாய் தவறி சொல்லிட்டான்னு வைங்க, அவ்ளோதான்.

பழைய_ஏடு:
சாபத்த தயவுசெஞ்சு விட்டுடுங்க. துட்டன்காமன் கல்லறையத் தோண்ட பணம் குடுத்த கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரல்ல செத்தது கொசுக்கடி புண்ணாகி இன்ஃபெக்‌ஷன் ஆனதுல, கல்லறையக் கண்டுபிடிச்ச கார்ட்டரே 1939 வரைக்கும் இருந்தாரு. நிஜத்துல நடந்ததே இதவிட நல்ல மர்மம். 1922 நவம்பர்ல வாசலப் பாத்தப்பவே ஒரு மூலையில திரும்பப் பூசி முத்திரை வச்ச தடம் இருந்துச்சு, அதாவது அந்தக் காலத்துலயே திருடங்க உள்ள போயிட்டாங்க. அப்புறம் அதே நவம்பர்ல கார்ட்டர், கார்னர்வன், அவர் பொண்ணு ஈவ்லின் எல்லாரும் ரகசியமா அடக்க அறைக்குள்ள போயிட்டு வந்து, ஓட்டைய ஒரு கூடை மூடியும் நாணலும் வச்சு மறைச்சாங்க, அதிகாரபூர்வமா திறந்தது 1923 பிப்ரவரியில. உங்க கைடு இந்தக் கதையத்தான் சொல்லணும், அதுவும் கொலை நடந்த அன்னைக்குக் காலையிலயே சாதாரணமா சொல்லணும், வாசகருக்கு அப்ப ஒண்ணும் தோணாது.

நைல்கரை:
சூப்பர்! இன்னொண்ணு, அந்த ஊர் ஆள்னா அவனுக்கு ஒரு வலி குடுங்க. பக்கத்து மேட்டுல குர்னாங்குற ஊரே கல்லறைகளுக்கு மேலதான் இருந்துச்சு, அப்புறம் ஜனங்கள வேற இடத்துக்கு மாத்தி வீட்ட இடிச்சுட்டாங்க. 1881ல அரசர்களோட மம்மி மறைவிடம் அதிகாரிங்களுக்குத் தெரிய வந்ததும் அந்த ஊர் குடும்பத்தாலதான். தாத்தா வீடு இருந்த மேட்ட தினமும் பஸ் ஜன்னல்ல பாத்துட்டே டூரிஸ்ட்கிட்ட சிரிச்சுப் பேசுறவன் எப்படிப் பேசுவான்னு யோசிங்க.

மணல்மேடு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, பத்து நிமிஷ லெக்சர தூக்கிட்டேன். இப்ப அவன் வெளிய நிக்கிறான், அட்டைகளப் புரட்டுறான், கூடை மூடி கதையச் சொல்றான், அடுத்து அடக்க அறைப் படத்த எடுக்கப் போறப்ப அந்த ஒரு அட்டை மட்டும் காணோம்.