பதிவுகள் கணினிக்கு மாறியும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லையே, ஏன்?

கேள்வி – ஊரக மருத்துவர்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்த நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதியத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அளவு, மாத்திரை, அடுத்த தவணைத் தேதி எல்லாம் ஒழுங்காகவே ஏறுகின்றன. மாத அறிக்கையும் நொடியில் வந்துவிடுகிறது. ஆயினும் 140/90-க்குக் கீழே வந்தவர்களின் விகிதம் காகிதப் பதிவேட்டுக் காலத்தைவிட உயரவில்லை. இப்பதிவுகளை அறிக்கைக்கு அல்லாமல் சிகிச்சைக்கே பயன்படுத்தியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – சமூக மருத்துவம்

வணக்கம் டாக்டர். அந்த விகிதம் எத்தனை பேரை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள். பரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், பாதியில் நின்றுவிட்டவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துபோவார்கள். 2017-இல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியில், ஒரு காலாண்டில் பதிவான அனைவரையும் அடுத்த காலாண்டில் கணக்கெடுத்து, வராதவர்களைத் தனியாகக் காட்டுகிறார்கள். அத்திட்டத்தில் பயன்படுத்தப்பட்ட ‘சிம்பிள்’ செயலி, தவணை தவறியவர்களின் பட்டியலைச் செவிலியரின் கைபேசியிலேயே தருகிறது. அங்கிருந்தே அவர்களை அழைக்கலாம். என் பார்வையில், மின்னணுப் பதிவின் மிகப் பெரிய பயன் இந்தப் பட்டியல்தான்.

பதில் 2 – மருந்தியல் மாணவர்

வந்தவர்களுக்கும் மருந்து மாறியதா என்று பார்க்க வேண்டும். மூன்று முறை தொடர்ந்து மேல் அளவு 160 இருந்தும் அதே அம்லோடிபின் 5 மி.கி. (ரத்த அழுத்த மாத்திரை) எழுதப்பட்டிருந்தால், பிழை நோயாளியிடம் இல்லை. அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் மருத்துவமனைகளை நடத்தும் கைசர் பெர்மனென்டே அமைப்பு, பல தரவுகளை இணைத்து ஒரு பதிவேட்டை உருவாக்கி, கட்டுப்பாட்டு விகிதத்தை மருத்துவமனை வாரியாகக் கணக்கிட்டுப் பகிர்ந்தது. 2001-இல் சுமார் 44 விழுக்காடாக இருந்த விகிதம் 2009-இல் 80 விழுக்காடானது. இதைப் பதிவேட்டின் சாதனை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. படிப்படியான சிகிச்சை நெறிமுறையும், இரு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையும், மருந்து மாற்றிய சில வாரங்களில் கட்டணமின்றி உதவியாளரே அழுத்தம் பார்க்கும் ஏற்பாடும் உடன் இருந்தன.

பதில் 3 – தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர்

சார், பதிவான எண்களையும் ஒருமுறை பாருங்கள். 130/80, 140/90 என்று பூஜ்ஜியத்தில் முடிபவையே நிறைந்திருந்தால், கூட்ட நேரத்தில் தோராயமாக எழுதியிருக்கிறோம் என்று பொருள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரண்டாம் முறை எடுத்த அளவுக்கும் ஒரு கட்டம் வைத்தால், தேவையில்லாமல் மாத்திரை கூட்டுவதும் குறையும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இன்று மாலையே தவணை தவறியவர்களின் பட்டியலை எடுத்தோம். அழைத்தவற்றில் பல எண்கள், திருப்பூரிலோ சென்னையிலோ வேலை செய்யும் மகன்களுடையவை. அம்மா மாத்திரை நிறுத்தியது அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. நாளை முதல், பதிவின்போது வீட்டில் உடன் இருப்பவரின் எண்ணையும் சேர்த்துக் கேட்கப் போகிறோம்.