வாயுபோக்கி, தாண்டுவாயு: பழைய டீசல் லொறிக்கு இரண்டு சொற்கள்

அன்பின் நண்பர்களுக்கு,

என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் குழாயான ‘பிரீதர்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> என்ஜின் பிரீதருக்கு ‘மூச்சுக்குழாய்’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் மூச்சு என்றால் உள்ளே போய் வெளியே வருவது. டிபரென்ஷல் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) மேல் இருக்கும் சின்ன பிரீதர் அப்படித்தான்: சூடேறினால் காற்றை வெளியே விடும், ஆறினால் உள்ளே இழுக்கும். அதற்கு ‘மூச்சுத்துளை’ பொருந்தும். ஓடுகிற என்ஜினில் நடப்பது வேறு. எரிந்த வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, கீழே கிராங் தண்டு சுழலும் கிராங் பெட்டிக்குள் இறங்கும். புது என்ஜினிலும் இறங்கும், ரிங் தேய்ந்த பழைய டீசலில் அதிகமாக இறங்கும். அதை வெளியேற்றுவதுதான் இந்தக் குழாயின் வேலை. புகைபோக்கி என்று ஏற்கெனவே சொல்கிறோம். அதே வார்ப்பில் ‘வாயுபோக்கி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது.

அந்த வாயுவுக்கும் ஒரு பெயர் வேண்டும். கராஜில் ‘பேக் கொம்ப்ரஷன்’ என்பார்கள். முன்பு ஒருவர் எழுதிய ‘கசிவளி’ எனக்கு உடன்பாடில்லை. இலங்கைப் பாடநூல்களில் வளி என்பது காற்று, காபனீரொட்சைட்டு போன்றவை வாயு. இங்கே வருவது எரிந்த வாயுவும் நீராவியும் கரியும் ஒயில் துளிகளும் கலந்தது. ‘கசிவு’ என்பதை ஒயில் லீக்குக்கே விட்டுவிடுவோம், இரண்டும் ஒரே பேச்சில் வருகிறவை. ரிங்கைத் தாண்டி வருவதால் ‘தாண்டுவாயு’ என்கிறேன்.

இரண்டுக்கும் தனிப் பெயர் இல்லாததால் காசு வீணாவதை மலையகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. தேயிலைக் கொழுந்து லொறி, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு மடுவம் நின்று நின்று போகிறது, என்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. தாண்டுவாயுவில் உள்ள நீராவி குளிர்ந்து ஒயிலோடு கலந்து, பால் திரிந்ததுபோல் வெளிர்மஞ்சள் களியாக வாயுபோக்கிக்குள் படிகிறது. வழி அடைபட்டால் அழுத்தம் வேறு வழி தேடும்: டப்பட் கவர் (என்ஜின் மேல்மூடி) பெக்கிங், சம்ப் (அடியிலுள்ள ஒயில் தொட்டி) பெக்கிங், கிராங் தண்டின் பின்பக்க மெயின் ஒயில் சீல். அந்தச் சீலால் வந்த ஒயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால், சுமையோடு றம்பொடை ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கும். “சீல் போயிட்டுது, கியர்பொக்ஸை இறக்குவோம்” என்பார்கள். புதுச் சீல் போட்டும் கொஞ்ச நாளில் திரும்ப ஒழுகும், ஏனென்றால் அடைப்பு அப்படியே இருக்கிறது.

முதலில் குழாயைக் கழற்றி டீசலில் கழுவி, உள்ளே கம்பி வலை இருந்தால் அதையும் கழுவ வேண்டும். அப்புறம் என்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயிலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். லேசான புகை பழைய டீசலுக்குச் சாதாரணம். மூடி துள்ளி விழுந்தால் தாண்டுவாயு மிஞ்சிவிட்டது. அனேகமாக ரிங், லைனர் தேய்மானம். டர்போ உள்ள என்ஜின் என்றால் டர்போவையும் பார்க்க வேண்டும். குழாயைக் கழுவியதும் ஒழுக்கு நின்றுவிட்டால் சீலைத் தொட வேண்டியதில்லை. ‘வாயுபோக்கி அடைப்பு’, ‘தாண்டுவாயு மிகை’ என்று பில்லிலேயே பிரித்து எழுதினால் லொறிக்காரருக்கும் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியும்.

பல புதிய லொறிகளில் இந்த வாயு வெளியே போவதில்லை. ஒயிலைப் பிரித்துவிட்டு, என்ஜின் காற்றை இழுக்கும் இன்லெட்டுக்கே திருப்பி விடுகிறார்கள். அதற்கு ‘மீள்வழி வாயுபோக்கி’ என்று என் சொல் வரைவில் போட்டிருக்கிறேன். ‘மூடிய வாயுபோக்கி’ என்றால் அடைபட்டது என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில்தான் அதைத் தவிர்த்தேன். கராஜில் வேலை செய்யும் நண்பர்கள் இந்த மூன்றையும் அங்கே சொல்லிப் பார்த்து, எது ஒட்டுகிறது என்று எழுதுங்கள்.