11 வயதுப் பையனுக்கு எந்தக் கோடாலி?

வணக்கம். சிவகங்கைப் பக்கம் கிராமம். மகனுக்கு 11 வயது, உயரம் நாலரை அடி. தாத்தாவோடு விறகு பிளக்க ரொம்ப ஆசைப்படுகிறான்.

வீட்டில் இருப்பது ஒன்றரைக் கிலோ கோடாலி. தூக்கினாலே அவன் தோள் நடுங்குகிறது. சரி என்று பிடியை ஒரு முழமாக அறுத்துக் கொடுத்தேன். அதுதான் தப்பு. போன ஞாயிறு சீமைக்கருவேலக் கட்டையில் வெட்டு வழுக்கி, இடது பாதத்துக்கு நாலு விரல் தள்ளி மண்ணில் இறங்கியது. நினைத்தால் இன்னும் கை உதறுகிறது. கோடாலியைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

இப்போதைக்கு மண்டியிட்டு, அடிக்கட்டையில் போட்ட கரிக்கோட்டின் மேல் மரச்சுத்தியலால் அடித்துப் பழகுகிறான். யாராவது கிட்டே வந்தால் தானாகவே நிறுத்துகிறான்.

பட்டறையில் புதிதாக அடித்துத் தரத் தயார், அளவு கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் சொல்லுங்கள்: தலை எத்தனை கிராம், பிடி எத்தனை அங்குலம் வைக்கலாம்?