கணக்கு டீச்சருக்காக ஒரு ராத்திரி

மன்னார்குடி பக்கத்து நண்பர்களே, நம்ம கணக்கு டீச்சருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நேற்று போயிருந்தேன். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறுகிறது. அப்போதும் "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார். குறுவை அறுப்புக்குப் போய்விட்டு வரும் பிள்ளைகளைச் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்து, விட்ட பாடத்தை நடத்தியவர். நான் பத்தாவது தேறியது அப்படித்தான்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நர்ஸ் வீட்டுக்கே வருகிறார், இலவசம்தான். ராத்திரிதான் சிரமம். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். டீச்சரின் தங்கை ஒருவரே பார்க்கிறார். வாரம் ஒரு ராத்திரி யாரெல்லாம் வர முடியும்? காற்று மெத்தை சும்மா கிடந்தால் கொடுங்கள். அப்புறம், வெளியூரில் இருப்பவர்கள் குரல் பதிவு அனுப்புங்கள். அவர் காதருகில் நானே போட்டுக் காட்டுகிறேன்.